புதுப்பிப்பு: அப்பாவின் இன்ஹேலர் மாறிய பிறகு

ஏற்காட்டில் இருக்கும் அப்பாவுக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு வாங்கும் நாள்பட்ட நுரையீரல் நோய். மூச்சுத் திணறலை உடனே தணிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரை இழுத்தால் கை நடுங்குது, நெஞ்சு படபடக்குது, வேறு மருந்து உண்டா என்று போன மாதம் கேட்டிருந்தேன். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்தில் நுரையீரல் டாக்டரைப் பார்த்தோம். அவர் எழுதித் தந்தது டியோட்ரோபியம் என்ற, மூச்சில் இழுக்கும் பொடி உள்ள கேப்சூல்: 18 மைக்ரோகிராம், தினம் ஒரு வேளை. 24 மணி நேரம் மூச்சுக்குழாயைத் தளர்த்தி வைக்கும். எழுதுமுன் கண்ணழுத்தம், சிறுநீர் அடைப்பு இருக்கா என்று கேட்டார். இருந்தால் மறைக்காம சொல்லிடுங்க. கேப்சூலை விழுங்கவே கூடாது! இன்ஹேலர் கருவிக்குள் வைத்துத் துளையிட்டு இழுக்கணும், உள்ளே அது அதிரும் சத்தம் கேட்கணும். அப்பாவுக்கு மூணாம் நாள்தான் அந்தச் சத்தம் வந்தது. வாய் வறளுது, அவ்வளவுதான். சால்பியூட்டமால் அவசரத்துக்காக இன்னும் சட்டைப்பையில் இருக்கு. இன்னிக்குக் காலையில், அந்தப் பனியிலும், காபி டம்ளரைச் சிந்தாம வாசல் வரை அவரே எடுத்து வந்தார்.