குடிலின் ஈரமும் வைக்கோலின் ஈரமும்: ஒரு சொல் வேண்டும்

கோவையிலிருந்து:
அன்பர்களே, மகளிர் குழுக்களுக்கான சிப்பிக்காளான் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே பக்கத்தில் இரண்டு வரிகள். வைக்கோலின் ஈரப்பதம் 65 விழுக்காடு. காளான் மொட்டு விடும்போது குடிலின் ஈரப்பதம் 85 முதல் 90 விழுக்காடு. சென்ற முறை ஓர் அம்மா இரண்டாவது எண்ணை வைக்கோல் படுக்கைக்கு உரியதென்று எடுத்துக்கொண்டு பைகளுக்குள் தண்ணீர் ஊற்றிவிட்டார். பை முழுக்கப் பச்சைப் பூஞ்சாணம். பிழை அவருடையது அன்று, நம் சொல்லுடையது. குடிலின் காற்றில் உள்ள ஈரத்துக்குத் தனிச்சொல் தாருங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
நாங்கள் பள்ளியில் படித்தது சாரீரப்பதன். சார்பு என்னும் பொருளில் 'சார்', அதோடு 'ஈரப்பதன்'. ஆயத்தமாக இருக்கும் சொல்லை விட்டுவிட்டு எதைத் தேடுகிறீர்கள்?

மதுரையிலிருந்து:
இங்கே சாரீரம் என்றால் பாடகரின் குரல், ஐயா. குடிலில் சாரீரப்பதன் குறைந்துவிட்டது என்றால் பனங்கற்கண்டு வாங்கப் போவார்கள். புழுக்கம் என்றே எழுதலாமே. அதற்கு அகராதி வேண்டாம்.

தஞ்சாவூரிலிருந்து:
பதம் வடசொல் என்று யாரேனும் கிளம்புமுன் சொல்லிவிடுகிறேன். நன்னூலின் பதவியலில் வரும் பதம் வேறு, ஒரு பானைச் சோற்றுக்குச் சொல்லும் பதம் வேறு. ஈரமோ அன்பையும் குறிக்கும்: 'இன்சொலால் ஈரம் அளைஇ'. அதே வள்ளுவர் கயவரைப் பற்றிச் சொல்லும்போது 'ஈர்ங்கை விதிரார்' என்கிறார். உண்ட கையின் ஈரத்தைக்கூட உதறமாட்டார்களாம். நிற்க. 'நிலம் தீ நீர் வளி' என்பது தொல்காப்பியம். ஆகவே வளியீரம்.

பொள்ளாச்சியிலிருந்து:
நான் காளான் வளர்ப்பவன். ஈர்ங்கை எனக்கும் தெரியும், ஐயா: வைக்கோலைப் பிழிந்தால் கை நனைய வேண்டும், நீர் சொட்டக் கூடாது. குடிலுக்குத் தரையில் மணல் பரப்பி, சாக்கை நனைத்துத் தொங்கவிடுகிறோம். புழுக்கம் மட்டும் வேண்டாம். அப்படி எழுதினால் சன்னலை அடைத்துவிடுவார்கள். கரியமில வாயு தேங்கினால் தண்டு நீண்டு குடை சிறுத்துப்போகும். சந்தையில் விலை கிடைக்காது. வளி என்றாலோ சித்த மருத்துவம் என்று நினைப்பார்கள். வளி, அழல், ஐயம், அதாவது வாதம், பித்தம், கபம்!

நாகர்கோவிலிலிருந்து:
இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் ஒன்று. குடிலுக்கான எண் ஓர் ஒப்பு: காற்று கொள்ளக்கூடிய நீராவியில் இப்போது எத்தனை பங்கு இருக்கிறது என்பது. அந்த 'ஒப்பு' என்பதை எல்லோரும் எளிதாக விட்டுவிட்டீர்கள். 25 பாகையில் 85 விழுக்காடு இருக்கும் குடில், ஒரு சொட்டு நீர் குறையாமலே 30 பாகைக்குச் சூடேறினால் 63 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். காற்றில் உள்ள நீராவி மாறவில்லை. காற்றின் கொள்ளளவு மாறியிருக்கிறது. ஒப்பீரம் என்பதே சரி.

மதுரையிலிருந்து:
ஒப்பீரம் என்றால் எதோடு ஒப்பு என்று கேட்பார்கள். பயிற்சி கொடுப்பவர் அரை மணி நேரம் விளக்க வேண்டும். காற்றீரம்?

பொள்ளாச்சியிலிருந்து:
காற்றீரம் புரிகிறது. பிற்பகலில் எண் இறங்குவதை நாகர்கோவில் ஐயா சொன்னபடி அடியில் ஒரு வரி எழுதிவிடுங்கள். சாக்கை அப்போதுதான் மறுபடி நனைக்கிறோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
இரண்டு நாட்டுக்கு இரண்டு சொல்லாக இருந்தது இப்போது மூன்றாகிறது. வாழ்க.

கோவையிலிருந்து:
வியாழன் இரவு பதினொரு மணி. இருவர் காற்றீரம் என்றீர்கள், அதுவே போகிறது. வைக்கோலுக்கு ஈரப்பதம் என்பதையே விட்டுவைத்திருக்கிறேன். 'கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது' என்பதை எண்ணுக்கு முன்னால் போட்டுவிட்டேன். 'ஒப்பு' அட்டவணைத் தலைப்பில் மட்டும் வரும்.

நாகர்கோவிலிலிருந்து:
தலைப்பில் இருந்து உள்ளே இல்லாவிட்டால் அது பிழைதான்.

தஞ்சாவூரிலிருந்து:
வளியீரத்தை நான் கைவிடவில்லை. அடுத்த பதிப்பு எப்போது?