போதகருக்காக ஜெபிக்க உட்கார்ந்தால் 2 நிமிடத்தில் வார்த்தை தீர்ந்துவிடுகிறது

கேள்வி: "ஆண்டவரே, எங்கள் ஐயரை ஆசீர்வதியும்" என்பதற்கு மேல் வரவில்லை. எதைச் சொல்லி ஜெபிப்பது?

பதில் 1: அப்போஸ்தலன் பவுல் தனக்காக ஜெபிக்கும்படி தன் கடிதங்களில் சபைகளிடம் கேட்டதையே நீங்களும் கேளுங்கள். எபேசியர் 6:19-ல் தைரியமாய்ப் பேச வார்த்தை. 2 தெசலோனிக்கேயர் 3:1-2-ல் வசனம் பரவவும், துஷ்ட மனுஷரிடமிருந்து விடுதலையும். ரோமர் 15:31-ல் தன் ஊழியம் பரிசுத்தவான்களுக்குப் பிரியமாயிருக்க. வசனத்தை வாசித்து, பவுலின் இடத்தில் உங்கள் போதகர் பெயரை வைத்தாலே 10 நிமிடம் போதாது.

பதில் 2: நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். சனி இரவு பிரசங்கத்துக்கு. திங்கள் அவருடைய சோர்வுக்கு. ஞாயிறு முழுக்கப் பேசியவருக்கு மறுநாள் மனம் தளரலாம், பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். வேறொரு நாள் மனைவி பிள்ளைகளுக்கு. மாதம் ஒருமுறை, "எதற்காக ஜெபிக்கட்டும் ஐயா?" என்று அவரிடமே கேளுங்கள். சொன்னதைத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள்; பதில் வந்ததும் பக்கத்திலேயே குறியுங்கள்.

பதில் 3: குழுவாகக் கூடினால் ஒரு எச்சரிக்கை. "ஜெபக்குறிப்பு" என்று தொடங்கி அவருடைய குறைகளை அலசுவதில் போய் முடியும். விஷயத்தை ஒரே வரியில் சொல்லி உடனே ஜெபத்துக்குப் போங்கள். அவர் தனியாகச் சொன்னதை வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. அதன்பின் அவர் வாய் திறக்கமாட்டார்.