ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3: ட்ரன்னியனுக்கு கிரீஸா, ஆயிலா?

நாலுகதவு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வண்டி ஸ்டாண்டர்டு கம்பெனியோட பழைய கார், ஹெரால்டு மார்க் 3, நாலு கதவு, 948 சிசி. பன்னிரண்டு வருஷமா ஷெட்ல நின்னது. இன்ஜின் கையால சுத்துது, ஜாம் ஆகல. ஆனா ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கு. இடது பக்கம் ஒடிச்சா தானா திரும்பி வர்றதே இல்ல. முன் வீல் ட்ரன்னியன் (ஸ்டியரிங் ஒடிக்கும்போது சக்கரம் திரும்ப உதவற கீழ் மூட்டு) ரெண்டுலயும் கிரீஸ் கன் வெச்சு நல்லா அடிச்சாச்சு, அப்பவும் அதே கனம். கிரீஸ்தான் போடணும்னு சிலர் சொல்றாங்க, ஆயில்தான்னு சிலர் சொல்றாங்க. எது சரி?

பின் சக்கரம் ரெண்டும் மேல்பக்கம் உள்ளே சாஞ்சு நிக்குது. "ஹெரால்டு பின் ஆக்ஸில் ஆபத்து, கெஸல் ஆக்ஸிலைத் தூக்கி மாட்டு"னு ஒரு யோசனையும் வந்திருக்கு (கெஸல், ஹெரால்டுக்கு அப்புறம் அதே கம்பெனி விட்ட கார்). செய்யலாமா? ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி வேற என்ன பார்க்கணும்?

தொண்ணூறு நம்பர் எழுதியது:

கிரீஸ் வேண்டாம். ட்ரன்னியனுக்கு 90 நம்பர் கியர் ஆயில் மட்டும்தான். இந்த ஒரு விஷயம் தெரியாமத்தான் நல்ல நல்ல ஹெரால்டு எல்லாம் ரோட்ல முன் சக்கரம் மடங்கி உட்கார்ந்திருக்கு.

காரணம் இதுதான். ட்ரன்னியன் ஒரு வெண்கலக் கட்டி. வெர்ட்டிகல் லிங்க்கோட (முன் சக்கரத்தைத் தாங்கற செங்குத்து இரும்பு) கீழ் முனையில மரை வெட்டியிருக்கும். அந்த மரை வெண்கலத்துக்குள்ள முறுகி நிக்கும். ஸ்டியரிங் ஒடிக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த மரை சுத்துது. சாதாரண கார்ல கீழே பால் ஜாயிண்ட் இருக்கிற இடம் அது. கிரீஸ் மரையோட ஆழத்துக்குப் போகாது. போன கொஞ்சமும் நாளாக நாளாக சோப்பு மாதிரி இறுகிடும், அதுக்கப்புறம் எதை அடிச்சாலும் உள்ளே இறங்காது. மேல் சீல் வழியா தண்ணி இறங்கி இரும்பு மரை துருப்பிடிக்கும், பிடிப்பு ஏறும், கடைசியில லிங்க் மரை இருக்கிற இடத்துலயே முறியும். பெரும்பாலும் மெதுவா போகும்போது, முழுசா ஒடிச்சுத் திருப்புற நேரத்துல முறியும். வேகத்துல முறிஞ்சா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல.

முதல்ல கனம் எங்கிருந்து வருதுன்னு பிரிச்சுப் பாருங்க. முன்பக்கத்தை ஜாக்கியில தூக்கி சேஸிஸுக்குக் கீழே ரெண்டு ஸ்டாண்டு வையுங்க. டை ராடு எண்டை (ஸ்டியரிங்கை சக்கரத்தோட இணைக்கிற கம்பியோட முனை) கழட்டிட்டு ஹப்பை (சக்கரம் மாட்டற மையப் பகுதி) கையால இடது வலது திருப்புங்க. ரெண்டு விரல்ல திரும்பணும். திரும்பலன்னா ட்ரன்னியன், இல்லைன்னா மேல் பால் ஜாயிண்ட். ஹப் லேசா திரும்பி ஸ்டியரிங் வீல் மட்டும் கனமா இருந்தா ரேக் (ஸ்டியரிங்கோட பல்சட்டம்) காய்ஞ்சு போயிருக்கு.

ட்ரன்னியன்தான்னு தெரிஞ்சா இந்த நிலைமையில மேலே ஆயில் அடிச்சு ஒப்பேத்தாதீங்க. லிங்க்கை வெளியே எடுத்து, ட்ரன்னியனை முறுக்கிக் கழட்டி, பழைய கிரீஸை மண்ணெண்ணெய்ல ஊறவெச்சு முழுசா கழுவுங்க. இடது வலது மரை ஒண்ணுக்கொண்ணு நேர்மாறு, அதனால ரெண்டு பக்கத்தையும் கலக்காம தனித்தனியா வையுங்க. திரும்ப மாட்டும்போது ட்ரன்னியனை கடைசி வரை முறுக்கி, அப்புறம் கொஞ்சம் பின்னாடி எடுக்கணும், ஒரு சுத்துக்கு மேல போகக் கூடாது. கடைசி வரை முறுக்கின நிலையிலேயே விட்டா முழு லாக் போகும்போது மரை முட்டி நிக்கும்.

மாட்டினதும் ட்ரன்னியன்ல இருக்கிற பிளக்கைக் கழட்டி, நிப்பிள் போட்டு, கன்ல ஆயில் நிரப்பி அடிங்க. சக்கரம் அந்தரத்துல இருக்கணும். ஒருத்தர் ஸ்டியரிங்கை லாக் டு லாக் (ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும்) திருப்பிக்கிட்டே இருக்கணும். மேல் சீல் ஓரமா புது ஆயில் கசிஞ்சு வந்தா வேலை முடிஞ்சுது. அப்புறம் ஒவ்வொரு 5,000 கிலோமீட்டருக்கும் இதே வேலை, மழைக்காலத்துக்கு முன்னாடி ஒரு தடவை கூடுதலா. ஜிஎல்-4 தரத்துல எடுங்க, வெண்கலத்துக்கு அதுதான் பத்திரம்.

கிராங்க் புல்லி எழுதியது:

இன்ஜினுக்கு சாவி போடறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. முன் புல்லியைப் பார்க்கிற மாதிரி ஒருத்தர் நிக்கணும், இன்னொருத்தர் கிளட்ச் பெடலை மிதிக்கணும். மிதிக்கும்போது புல்லி முன்னாடி நகர்றது கண்ணுக்கே தெரிஞ்சா வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க, திரஸ்ட் வாஷர் (கிராங்க் முன்னும் பின்னும் நகராம தடுக்கிற வாஷர்) தேஞ்சிருக்கு. சரியான ஆட்டம் 4-லிருந்து 8 தவ் வரைக்கும்தான் (அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு ஒரு தவ்). டயல் கேஜ் இல்லைன்னா ஃபீலர் கேஜ் போதும்.

இந்த இன்ஜினோட பலவீனம் இது ஒண்ணுதான். பின் மெயின் பேரிங் ரெண்டு பக்கமும் பாதி வளையல் மாதிரி ரெண்டு வாஷர் உட்கார்ந்திருக்கும். கிளட்ச் மிதிக்கிற பாரம் முழுக்க அதுலதான் விழும். சிக்னல்ல கியரை நியூட்ரல் பண்ணாம கிளட்சை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே நிக்கிற பழக்கம் இருந்தா சீக்கிரம் தேயும். ரொம்பத் தேஞ்சா வாஷர் கழண்டு சம்ப்புக்குள்ள (இன்ஜின் அடி ஆயில் தொட்டி) விழும், அதுக்கப்புறம் கிராங்க் நேரா பிளாக்கையே அரைக்கும். அந்த நிலைமை வந்தா பிளாக்கே போச்சு. ஆனா முன்கூட்டியே பார்த்துட்டா ஒரு மதியத்துல முடியற வேலை. இன்ஜினை இறக்க வேண்டாம். சம்ப்பையும் பின் மெயின் கேப்பையும் கழட்டினா வாஷரை சுத்தித் தள்ளி வெளியே எடுத்துடலாம். புதுசு போடும்போது பள்ளம் வெட்டின முகம் கிராங்க்கைப் பார்த்து இருக்கணும். திருப்பிப் போட்டா வந்த வேலை மறுபடியும் வரும்.

ஆட்டம் சரியா இருந்தா ஸ்பார்க் பிளக் நாலையும் கழட்டி, ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்க. சம்ப் ஆயிலை மாத்துங்க, கிட்டத்தட்ட 4 லிட்டர் பிடிக்கும், 20டபிள்யூ-50 மினரல் ஆயில். பிளக் இல்லாமலே செல்ஃப் அடிச்சு ஆயில் லைட் அணையற வரைக்கும் சுத்துங்க. லைட் அணையாம பிளக்கை மாட்டாதீங்க.

டேப்பட் (வால்வு இடைவெளி) குளிர்ந்த நிலையில 10 தவ், இன்லெட் எக்ஸாஸ்ட் ரெண்டுக்கும். ஒன்பது கணக்கு ஞாபகம் வையுங்க, ரெண்டு வால்வு நம்பரையும் கூட்டினா ஒன்பது வரணும்: 8-ஆவது வால்வு முழுசா அமுங்கி இருக்கும்போது 1-ஆவதை செட் பண்ணுங்க, 7 அமுங்கினா 2. டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி 15 தவ், ஸ்பார்க் பிளக் இடைவெளி 25 தவ். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2.

வண்டலூர் ரசிகர் எழுதியது:

கெஸல் ஆக்ஸில் விஷயத்துக்கு வரேன். தயவுசெஞ்சு மாத்தாதீங்க.

1972-ல கெஸல் வந்தப்போ ஸ்டாண்டர்டு கம்பெனியே ஸ்விங் ஆக்ஸிலை (ரெண்டு பின் சக்கரமும் தனித்தனியா மேலும் கீழும் மடங்கற அமைப்பு) விட்டுட்டு லைவ் ஆக்ஸிலுக்கு (ரெண்டு சக்கரத்தையும் இணைக்கிற ஒரே விறைப்பான ஆக்ஸில்) போச்சு, அது உண்மைதான். நம்ம ஊர் மெக்கானிக்குகளுக்கும் ஓனர்களுக்கும் ஸ்விங் ஆக்ஸில் பிடிக்கல. ஆனா கெஸல் அதுக்காகவே மாத்தி அமைச்ச வண்டி. ஹெரால்டுல டிஃபரன்ஷியல் சேஸிஸோட போல்ட் ஆகி நிக்குது, அதுக்கு மேல குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங். லைவ் ஆக்ஸில் முழுசா மேலும் கீழும் ஆடணும், அதுக்கு இடமும் தனி மவுண்டும் வேணும். சேஸிஸை வெட்டி வெல்டு அடிச்சுட்டா அப்புறம் அது ஹெரால்டும் இல்ல, கெஸலும் இல்ல. பெருங்களத்தூர்ப் பக்கம் நம்ம ஆளுங்க கட்டின வண்டி அது. நாலு கதவு மார்க் 3 இங்கிலாந்துல கூட கிடையாது, 1968-ல நமக்காகவே போட்ட பாடி. அதை வெட்ட மனசு வரக் கூடாது.

பின் சக்கரம் உள்ளே சாஞ்சிருக்குன்னு பயப்படாதீங்க. இந்த ஆக்ஸிலுக்கு லேசா உள்ளே சாயறதுதான் நல்லது. ஆபத்து வர்றது எதிர்ப்பக்கம். வளைவுல போகும்போது திடீர்னு ஆக்ஸிலரேட்டரை விட்டா பின்பக்கம் தூக்கும், வெளிச் சக்கரம் கீழே மடங்கி நுனியில நிக்கும், பிடிப்பு போயிடும். அதனால பிரேக்கை வளைவுக்கு முன்னாடியே முடிச்சுட்டு, உள்ளே லேசா ஆக்ஸிலரேட்டர் கொடுத்தபடியே வெளியே வரணும்.

தொய்ஞ்ச ஸ்பிரிங்கைப் பட்டறையில கொடுத்து "நல்லா தூக்கிக் கொடுங்க"ன்னு சொல்றதுதான் பெரிய தப்பு. பட்டையை அளவுக்கு மேல வளைச்சா சக்கரம் ரெண்டும் மேல்பக்கம் வெளியே விரியும். தொய்ஞ்ச வண்டியை விட அப்படித் தூக்கின வண்டிதான் கவிழும். இன்னொண்ணு, ஜாக்கியிலிருந்து இறக்கின உடனே சாய்வைப் பார்க்காதீங்க. சக்கரம் மடங்கின நிலையிலேயே நிக்கும். இருபது அடி முன்னும் பின்னும் உருட்டிட்டு அப்புறம் பாருங்க. டயரோட உள் ஓரம் மட்டும் தேயற அளவுக்கு சாஞ்சிருந்தா மட்டும் ஸ்பிரிங் வேலை. காத்து முன்னாடியை விட பின்னாடி 4, 5 பவுண்டு கூட இருக்கட்டும்.

நாலுகதவு எழுதியது:

தொண்ணூறு நம்பர் அண்ணே, ரொம்ப நன்றி. டை ராடு கழட்டிப் பார்த்தாச்சு: வலது ஹப் லேசு, இடது ஹப் அசையல. இடது ட்ரன்னியனைப் பிரிச்சா உள்ளே கிரீஸ் மெழுகு மாதிரி கட்டி. கழுவினதும் லிங்க் மரையில மூணு சுத்துக்கு சின்னச் சின்னக் குழி தெரியுது. எமரி போட்டு ஓட்டலாமா? புல்லி அசையல, கேஜ்ல 6 தவ். இப்போ வர்ற எத்தனால் கலந்த பெட்ரோல் இந்த வண்டிக்கு ஒத்துக்குமா?

தொண்ணூறு நம்பர் எழுதியது:

எமரி வேண்டாம் தம்பி, அந்த லிங்க்கை ஒதுக்கிடுங்க. துருக்குழி எங்கே இருக்கோ அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும், முறியறதும் அங்கேதான். மேல் நிறம் மட்டும் மாறி, நகம் வெச்சு இழுத்தா தட்டாம வழுக்கினா ஓட்டலாம். நகம் மாட்டினா ஓட்டக் கூடாது. கெஸல்ல முன்பக்க அமைப்பு இதே ட்ரன்னியன்தான், ஸ்பேர் தேடும்போது கெஸல் உடைப்பு வண்டியையும் பாருங்க. மரை திசை இடதுக்கு இடதுதானான்னு கையில வெச்சு சரிபார்த்து வாங்குங்க. வலது பக்கம் லேசா இருந்தாலும் அதையும் பிரிச்சுக் கழுவிடுங்க. அதே கிரீஸ் அங்கேயும் போயிருக்கு.

கிராங்க் புல்லி எழுதியது:

6 தவ் அருமையான அளவு. பெட்ரோலைப் பொறுத்தவரை இன்ஜினை விட ரப்பருக்குத்தான் கவலை. எத்தனால் பழைய ஹோஸை உள்ளேயிருந்து உரிக்கும், பம்ப் டயஃப்ரத்தை இறுக்கும். உரிஞ்ச கருப்புத் துகள் ஜெட்டை அடைக்கும். "ஐடில் நிக்கல"ன்னு கார்ப்பரேட்டரை நாலு தடவை கழட்டுவாங்க, காரணம் ஹோஸா இருக்கும். டேங்க்கிலிருந்து கார்ப்பரேட்டர் வரைக்கும் ரப்பர் எல்லாம் எத்தனால் தாங்கற ஹோஸா மாத்துங்க, புது டயஃப்ரம் கிட் போடுங்க, டேங்க்கை இறக்கிக் கழுவுங்க. வண்டி மாசக்கணக்குல நின்னா பழைய பெட்ரோலை வடிச்சிடுங்க, அது தண்ணியை இழுத்துக்கும்.

ஈயம் இல்லாத பெட்ரோலால எக்ஸாஸ்ட் வால்வு சீட் மெல்ல உள்ளே இறங்கலாம். 3,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை டேப்பட் பாருங்க. எக்ஸாஸ்ட் இடைவெளி மட்டும் ஒவ்வொரு தடவையும் குறைஞ்சுக்கிட்டே வந்தா, அடுத்த தடவை ஹெட் இறக்கும்போது கடினமான சீட் ரிங் போட்டுக்கலாம். பிரேக் ஒற்றை சர்க்யூட், மாஸ்டர் சிலிண்டர் ஒண்ணு போனா நாலு சக்கரத்துக்கும் பிரேக் போகும். சீல் கிட் புதுசு இல்லாம ரோட்டுக்கு எடுக்காதீங்க. முன் டிரம்ல ஒவ்வொரு சக்கரத்துக்கும் அட்ஜஸ்டர் ரெண்டு இருக்கு, ஒண்ணை மட்டும் இறுக்கிட்டு விட்டா வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

வண்டலூர் ரசிகர் எழுதியது:

இவ்வளவு வேலையும் செய்ய இதை விட வசதியான கார் எது சொல்லுங்க. ரெண்டு பக்கக் கொக்கியை விடுவிச்சு பானட்டைத் தூக்கினா ஃபெண்டரோட சேர்ந்து முழு முகமும் முன்னாடி சாயும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துக்கிட்டு டேப்பட் செட் பண்ணலாம், குனியவே வேண்டாம். திரும்பற வட்டம் 25 அடி, சந்துக்குள்ள ஒரே ஒடிப்புல திரும்பிடும். 1985-ல அதே கம்பெனி விட்ட ஸ்டாண்டர்டு 2000 எவ்வளவு பெரிய வண்டி, அதுல கூட இந்த சுகம் கிடையாது.

வேலை முடிஞ்சு பானட்டை மூடும்போது கதவோட இடைவெளி பாருங்க. மேலே ஒட்டி கீழே விரிஞ்சிருந்தா முன்னாடி கீல் குழாய் நட்டை லேசா தளர்த்தி பானட்டை நகர்த்தினா போதும். கதவே தொங்குதுன்னா அது கீல் இல்ல, சேஸிஸ் அவுட்ரிகர் (சேஸிஸிலிருந்து பக்கவாட்டுல நீண்டு பாடியைத் தாங்கற கை) துரு. ஸ்க்ரூடிரைவரால தட்டிப் பாருங்க, நல்ல இரும்பு மணி மாதிரி சத்தம் கொடுக்கும், செத்த இரும்பு தொப்புனு விழும்.