வருகைப் பதிவேட்டில் இரக்கத்துக்கு இடம் உண்டா?

தொப்பையாறு (உதவிப் பேராசிரியர், தருமபுரி):
சென்ற வாரம் எங்கள் துறையில் ஒரே நாளில் இரண்டு செய்திகள் வந்தன. காலையில், முதுகலை மாணவர் ஒருவரின் திட்டக் கட்டுரையில் பல பக்கங்கள் வேறொருவருடையவை என்று தெரிந்தது. தயக்கமின்றித் திருப்பி அனுப்பினோம். மாலையில், 61 விழுக்காடு மட்டுமே வருகை தந்த மாணவர் ஒருவருக்குப் பதிவேட்டைத் திருத்தி, தேர்வெழுதத் தேவையான 75 ஆக்கினோம். அதற்கு யாரும் வாய் திறக்கவில்லை. கையொப்பமிட்டவர்களில் நானும் ஒருவன். முன்னதைத் திருட்டு என்றும் பின்னதைக் கருணை என்றும் நாம் எப்படிப் பிரிக்கிறோம்?

அஞ்செட்டி மலை (இணைப் பேராசிரியர், கிருஷ்ணகிரி):
இரண்டும் ஒன்றல்ல ஐயா. கட்டுரையைத் திருடியவர் இன்னொருவரின் உழைப்பை எடுத்துக்கொண்டார். வருகை குறைந்தவர் யாருடையதையும் எடுக்கவில்லை. மலைக் கிராமத்திலிருந்து வரும் மாணவி ஒரு பேருந்தைத் தவறவிட்டால் முதல் இரண்டு பாடவேளைகளும் போய்விடுகின்றன. தை, மாசியில் வீட்டில் புளி தட்டும் வேலைக்கு ஆள் வேண்டும். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் இரவுப் பணி முடித்து, கண்கள் சிவக்க வகுப்பில் உட்காரும் பையன்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். பெங்களூரில் கட்டட வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகளுக்கும் மாநகரப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவுகோல் வைப்பதைத்தான் நான் அறமின்மை என்பேன்.

தென்பெண்ணை (பேராசிரியை, தமிழ்த்துறை):
சூழலை மறுக்கவில்லை, நானும் இதே மாவட்டத்தில்தான் பாடம் நடத்துகிறேன். ஆனால் அந்தச் சூழலுக்காகவே விதியில் ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். 75-க்குச் சற்றுக் குறைந்தால், காரணத்தை எழுதிக்கொடுத்து, கட்டணம் செலுத்திக் காண்டனேஷன், அதாவது வருகைக் குறைவுக்கு விலக்கு, பெறலாம். அந்த வாசல் குறுகியது என்றால், அதை அகலப்படுத்தும்படி கல்விக்குழுவில் பேசுவோம். அதை விட்டுவிட்டுப் பின்பக்கமாகப் பதிவேட்டைத் திருத்துவது பொய் எழுதுவதே ஆகும். நன்னூல் ஆசிரியருக்கு நிறைகோலை உவமை சொன்னது. தட்டில் விரல் வைக்கும் உரிமையை அது யாருக்கும் தரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகள், கருத்துத் திருட்டில் 10 விழுக்காடு ஒப்புமை வரை தண்டனையில்லை என்றும், 60-ஐத் தாண்டினால் ஆய்வு மாணவரின் பதிவே ரத்து என்றும் வரையறுத்தன. மென்பொருள் அளந்து சொல்வதால் அங்கே நமக்குக் கறார்த்தன்மை எளிதாக வருகிறது. அளக்கும் கருவி இல்லாத இடத்தில் நம் தவறுக்கு நாமே நல்ல பெயர் சூட்டிக்கொள்கிறோம். 1991-இல் அமெரிக்காவில் உளவியல் ஆசிரியர்களிடம் நடத்திய கணக்கெடுப்பு ஒன்றில், ஒவ்வொரு செயலைப் பற்றியும் ‘இது முறையா?’ என்பதோடு ‘நீங்கள் செய்ததுண்டா?’ என்றும் கேட்டார்கள். நம் ஆசிரியர் அறைகளில் முதல் கேள்வியை மட்டுமே கேட்டுக்கொள்கிறோம்.

அஞ்செட்டி மலை:
காண்டனேஷன் கட்டணத்தை அந்தப் புளி தட்டும் வீடு எங்கிருந்து கொண்டுவரும் அம்மா? கல்விக்குழு கூடி முடிவெடுப்பதற்குள் அந்தப் பிள்ளை படிப்பை விட்டிருக்கும்.

கெளரவ விரிவுரையாளர் (தருமபுரி மாவட்டம்):
மன்னிக்கவும், நீங்கள் இருவரும் நிரந்தரப் பணியிலிருந்து பேசுகிறீர்கள். மானியக் குழு 2019 ஜனவரியில் எங்களைப் போன்றோருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று சொன்னது; நான் வாங்குவது 25,000. அடுத்த ஆண்டு நான் இருப்பேனா என்பது எனக்கே தெரியாது. என் பாடத்தில் தேர்ச்சி குறைந்தால் முதல் கேள்வி என்னை நோக்கித்தான் வரும். ஆகவே உள்மதிப்பீட்டில் 25-க்கு 22 என்று நான் போடும்போது அதற்குப் பெயர் கருணை அன்று, பயம். அறத்தைப் பற்றி எங்களிடம் கேட்பதற்கு முன், அதைக் கடைப்பிடிக்க இயலும் நிலையில் எங்களை யாரேனும் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

தென்பெண்ணை:
இந்த வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்கு அந்தச் சாக்கும் இல்லை என்பதை மட்டும் சொல்வேன். அஞ்செட்டி மலை ஐயாவிடம் ஒன்று கேட்கிறேன்: உங்கள் கருணை யாரைச் சென்று சேர்கிறது? துறை வாசலில் வந்து நிற்கத் துணிந்தவரை, தெரிந்தவர் மூலம் சொல்லியனுப்பியவரை, நம் ஊர்க்காரரை. வாய் பேசாத பிள்ளையின் குடும்பக் கஷ்டம் நமக்குத் தெரிய வருவதே இல்லை. இதைப் பொய் என்று காட்ட வேண்டுமானால், திருத்திய பெயர்களைப் பட்டியலிட்டுப் பாருங்கள்.

அஞ்செட்டி மலை:
நான் அப்படிப் பார்த்ததில்லை. ஆனாலும் சிலருக்கேனும் உதவியது தவறு என்று ஏற்க மனம் வரவில்லை.

தொப்பையாறு:
நான் இன்று பார்த்தேன். இந்தப் பருவத்தில் என் பாடத்தில் நான்கு பேருக்குத் திருத்தியிருக்கிறோம். மூவர் பாலக்கோட்டுப் பக்கத்தினர். நானும் அந்தப் பக்கம்தான். நான்காமவருக்காக அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து சொன்னது நினைவிருக்கிறது. பதிவேட்டின் அதே தாளில், 71 விழுக்காட்டோடு கட்டணம் செலுத்திய மாணவி ஒருத்தியின் பெயரும் இருக்கிறது. அவள் என்னிடம் வந்து எதுவும் கேட்கவில்லை.