காசு தராத கம்பனியைக் கலைக்கச் சொல்லி மனுப் போட்டால் காசு வருமா?

சோனகத்தெருக் கடைக்காரன்:
பழைய சோனகத் தெருவில் மின்சாரச் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறேன். வெள்ளவத்தையில் ஃபிளாட் கட்டும் ஒரு கம்பனிக்கு வயர், சுவிட்ச், பிரேக்கர் எல்லாம் கடனுக்குக் கொடுத்தேன். 46 இலட்சம் நிற்கிறது. அதில் 11 இலட்சத்துக்குத் தந்த செக் திரும்பிவிட்டது, மிச்சம் முழுக்க இன்வொய்ஸ்தான். அவர்களின் கணக்காளரைக் கேட்டால் "வெள்ளிக்கிழமை பார்ப்போம் அண்ணே" என்பார். எந்த மாதத்து வெள்ளி என்று சொல்லமாட்டார். பக்கத்துக் கடை முதலாளி, "காசு வழக்குப் போட்டால் உன் பேரன்தான் தீர்ப்பு வாங்குவான். கம்பனியை மூடச் சொல்லி மனுப் போடு, ஓடி வந்து கட்டுவான்" என்கிறார். உண்மையா? சுவிட்ச் சில கருகிவிட்டதாக அவர்கள் ஒரு ஈமெயிலும் அனுப்பியிருக்கிறார்கள்.

புதுக்கடைக் கிளார்க்:
தம்பி, கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் சட்டத்தரணிமாருக்குக் கோப்புத் தூக்கியே தலை நரைத்தவன் நான். லோயர் இல்லை, அதனால் பீஸ் இல்லாமல் சொல்கிறேன்.

பக்கத்துக் கடை முதலாளி சொன்னதில் பாதி சரி. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, கடன் கொடுத்தவர் எழுத்தில் கேட்டு மூன்று வாரத்துக்குள் கம்பனி கட்டவும் இல்லை, நியாயமான பிணையோ இணக்கமோ தரவும் இல்லை என்றால், கடன் கட்ட வக்கில்லாத கம்பனி என்றே அதை எடுத்துக்கொள்வார்கள். அதை வைத்து வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் அந்தக் கடிதம் கம்பனியின் பதிவு செய்த அலுவலகத்துக்கே போய்ச் சேர வேண்டும். சைட்டில் செக்கியூரிட்டியின் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வருபவர்கள் உண்டு. அது எதிர்த்தரப்பு லோயருக்குச் செய்யும் உபகாரம். கம்பனிப் பதிவாளரிடம் இன்றைய விலாசத்தை எடுத்துப் பாருங்கள்.

இனி அந்த ஈமெயில். கலைப்பு மனு காசு வசூலிக்கும் கருவி இல்லை என்பது நீதிமன்றத்தின் பழைய நிலைப்பாடு. கடனே இல்லை என்று கம்பனி நேர்மையாக, தக்க ஆதாரத்தோடு சொன்னால், அந்தச் சண்டையைச் சாதாரண வழக்கில் தீர்த்துக்கொண்டு வா என்று மனுவைத் தள்ளிவிடும், செலவையும் உங்கள் தலையில் போடும். ஒரு பெட்டி சுவிட்ச்தான் தகராறு, மிச்சத்துக்கு மறுப்பே இல்லை என்றால் கதை வேறு. அந்த ஈமெயில் எப்போது வந்தது? சாமான் இறக்கிய கிழமையிலா, நீங்கள் காசு நெருக்கிக் கேட்ட பிறகா?

இன்னொன்று, பலர் கவனிக்காதது. விற்றுக் கொடுத்த சாமானுக்கான கடன் ஒரு வருடத்தில் காலாவதியாகும். 1871ஆம் ஆண்டுக் காலாவதிக் கட்டளைச் சட்டம், 8ஆம் பிரிவு. எழுத்து ஒப்பந்தம், செக் என்றால் ஆறு வருடம். காலம் கடந்த இன்வொய்சை வைத்து மனுப் போட்டால் முதல் தவணையிலேயே மூக்குடைபடும். "இவ்வளவு தரவேண்டும்" என்று அவர்கள் கையெழுத்திட்ட ஒரு வரி கிடைத்தால், அன்றிலிருந்து காலம் புதிதாக ஓடும். வெள்ளிக்கிழமைக் கணக்காளரிடம் நிலுவைக் கணக்கை உறுதிப்படுத்திக் கையெழுத்துக் கேளுங்கள். ஓடிட்டுக்கு வேண்டும் என்று சொன்னால் தருவார்.

ஓடிட்காரி:
அண்ணா, கிளார்க் ஐயா சொல்லாத பக்கத்தையும் பாருங்கள். கலைப்புக் கட்டளை வந்தால் வரும் காசு உங்களுக்கென்று வராது. அந்தக் காணியும் கட்டடமும் வங்கிக்கு ஈடு வைத்ததாகத்தான் இருக்கும். வங்கி தன் ஈட்டைப் பார்த்துக்கொள்ளும். பிறகு லிக்விடேட்டர் (கம்பனிச் சொத்தை விற்றுக் கடன்களைப் பங்கிடுபவர்) செலவு, தொழிலாளர் சம்பளம், ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி), வரி. அதற்குப் பிறகு சீமெந்துக்காரர், கம்பிக்காரர், நீங்கள் எல்லாரும் ஒரே வரிசை, கடன் அளவுப்படி பங்கு. ஃபிளாட்டுக்கு முற்பணம் கட்டிய லண்டன்காரர்களும் கோப்போடு வந்து நிற்பார்கள். மனு விளம்பரத்தைப் பார்த்து இவர்கள் எல்லாரும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ வரலாம். நீங்கள் போட்ட மனு என்றாலும் அதற்குப் பிறகு அது உங்கள் தனி விவகாரம் இல்லை. பதிவாளரிடம் விலாசம் எடுக்கும்போதே ஈட்டுப் பதிவையும் கேளுங்கள். எல்லாம் வங்கி கையில் என்றால், மனு வெறும் மிரட்டல்தான், அது அவர்களுக்கும் தெரியும்.

சோனகத்தெருக் கடைக்காரன்:
நன்றி. ஈமெயில் வந்தது செக் திரும்பி நான் சத்தம் போட்ட பிறகு. சாமான் இறக்கியபோது டெலிவரி நோட்டில் "நல்ல நிலையில்" என்று சைட் எஞ்சினியர் எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறார். ஆகப் பழைய இன்வொய்சுக்கு ஒன்பது மாதம் ஆகிறது.

புதுக்கடைக் கிளார்க்:
அப்படியென்றால் டெலிவரி நோட்டைப் பத்திரப்படுத்துங்கள், தம்பி. காசு கேட்ட பிறகு பிறந்த முறைப்பாட்டை நீதிபதிகள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். அந்த ஈமெயிலுக்கு இன்றே எழுத்தில் மறுப்பு அனுப்புங்கள். வியாபாரக் கடிதத்துக்கு மறுப்பில்லாமல் இருந்தால் ஒத்துக்கொண்டதாக எடுப்பார்கள். சரவணமுத்து எதிர் டி மெல், 1948, இன்றும் லோயர்மார் தூக்கிக் காட்டும் வழக்கு.

செக்குக்குத் தனியாக, குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 53ஆம் அத்தியாயத்தில் சுருக்க வழக்கு உண்டு. எதிர்த்தரப்பு நீதிமன்ற அனுமதி வாங்கித்தான் எதிர்வாதம் செய்யலாம். 11 இலட்சத்துக்கு அதையும், மொத்தத்துக்கு மூன்று வாரக் கடிதத்தையும் லோயரிடம் ஒன்றாகப் பேசுங்கள். அந்த ஒரு வருடக் காலாவதிக்கு மூன்று மாதம்தான் மிச்சம். சித்திரைப் புத்தாண்டு லீவையும் கழித்துவிட்டு எண்ணுங்கள்.