இரண்டு வரிசை சென்சாரையும் தாண்டி ஆள் வந்தாச்சு, அலாரம் வரலை – ஓட்டை எங்கே?

எல்லைக்கோடு:
200 மீட்டர் எல்லைக்கு இரண்டு வரிசை சென்சார் போட்டிருக்கேன். வெளி வரிசை அ, உள் வரிசை ஆ, இடையில் 20 மீட்டர். வரிசைக்கு 20 நோட் (சென்சார் உள்ள சின்னக் கருவி), 10 மீட்டருக்கு ஒன்று. நாலு பக்கமும் பார்க்கும் பிஐஆர் (ஆளின் உடல் சூடு நகர்வதை உணரும் சென்சார்), ரேஞ்ச் 6 மீட்டர். பேட்டரியை மிச்சம் பிடிக்க, ஒரு மணி நேரம் அ விழித்திருக்கும், அடுத்த மணி நேரம் ஆ. 20 முறை ஆளை நடக்கவிட்டுப் பார்த்ததில் 18 முறை பிடித்தது. 2 முறை எந்த நோட்டிலும் பதிவே இல்லை. நோட் எல்லாம் நல்லா வேலை செய்யுது. நாலு நாளா மண்டையைக் குடையுது, உதவுங்க.

மின்மினி:
முதல்ல இடைவெளியைப் பார்ப்போம். 6 மீட்டர் ஆரமுள்ள இரண்டு வட்டம் 12 மீட்டர் வரைக்கும் தொடும். உங்களுக்கு 10தான். முனை நோட் ஓரத்திலிருந்து 5 மீட்டரில் இருந்தால் அங்கேயும் சந்து இல்லை. வட்டங்கள் கோர்த்த சங்கிலி முழுசா இருக்கு, எந்தப் பாதையில் வந்தாலும் மாட்டணும். வரிசை மாறும்போது ஒரு நிமிஷம் இரண்டையும் விழிக்க வைத்துப் பாருங்க.

வரைபடக்காரன்:
அந்த ஒரு நிமிஷம் உதவாது நண்பரே. கேட்டவரிடம் ஒன்று: தப்பிய இரண்டு முறையும் நடந்தவர் இடையில் நின்றாரா? அப்போது ஆ-விலிருந்து அ-வுக்கு மாறியதா?

எல்லைக்கோடு:
லாக்கை (நேரப் பதிவை) பார்த்தேன். இரண்டு தடவையும் ஆ→அ மாற்றம்தான்! முதல் தடவை நடுவில் நின்று போன் பேசினாராம், அடுத்த தடவை செருப்பு வார் அறுந்து உட்கார்ந்தாராம்.

வரைபடக்காரன்:
அதுதான் ஓட்டை. ஆ விழித்திருக்கையில் தூங்கும் அ-வைத் தாண்டி நடுவில் வந்து நிற்கிறார். அங்கே எந்த வட்டமும் எட்டாது. மாற்றம் நடந்ததும் ஆ தூங்கிவிடும், அவர் உள்ளே போய்விடுவார். ஒரு நிமிஷம் இரண்டும் விழித்தாலும் நடுவில் நிற்பவர் நின்றுகொண்டேதான் இருப்பார். அ→ஆ மாற்றத்தில் இந்த ஆபத்து இல்லை, அ-வில் மாட்டாமல் வெளியே நிற்பவர் ஆ-வையும் கடந்தாக வேண்டும். ஒவ்வொரு கணமும் ஒரு முழுத் தடுப்பு இருந்தால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். மாற்றும் வரிசையையும் பார்க்கணும்.

உங்கள் ஏற்பாட்டில் ஒரு நாளைக்கு 12 முறை ஆ→அ நடக்குது. அதற்குப் பதில் அ-வை பேட்டரி தீரும் தறுவாய் வரை தொடர்ந்து ஓட்டுங்க, பிறகு ஆ. ஒரு வரிசை 60 நாள் தாங்கும் என்றால், மணிக்கு மணி மாற்றினாலும் 120 நாள்தான், இப்படி ஓட்டினாலும் 120 நாள்தான்.

மின்மினி:
சரிதான், நான் அதை யோசிக்கலை. சேர்த்து ஒன்று: நோட்டைத் தூவிப் போட்டு, அதில் சங்கிலி தேடுபவர்கள் இரண்டு சங்கிலியும் ஒன்றையொன்று வெட்டாமல் பார்த்துக்கணும். வெட்டினால் ஓரிடத்தில் அ வெளியே இருக்கும், இன்னொரு இடத்தில் ஆ வெளியே. அப்புறம் எந்தப் பக்கம் மாற்றினாலும் பதுங்க ஒரு பை கிடைச்சிடும்.

எல்லைக்கோடு:
ரொம்ப நன்றி. அ-வுக்குப் புது பேட்டரி போட்டதும் திரும்ப ஆ→அ மாறணுமே, அப்போ?

வரைபடக்காரன்:
அ-வை முதலில் எழுப்புங்க, ஆ-வை அணைக்காதீங்க. இரண்டும் விழித்திருக்கும்போதே நடுவில் உள்ள 20 மீட்டரை முனையிலிருந்து முனை வரை ஆள் நடந்து பார்த்து, யாரும் இல்லை என்று உறுதி ஆன பிறகு ஆ-வைத் தூங்க விடுங்க.