கார்கோவா, பேசஞ்சரா? இரண்டு பக்கமும் பறந்தவர்களின் அனுபவம்

பேசஞ்சரில் தொடங்கி கார்கோவுக்கு வந்தவர்

பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளிடம் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி வருகிறது: "பேசஞ்சர்ல வேலை கிடைக்காதவங்கதானே சார் கார்கோவுக்குப் போறாங்க?" கேட்கும்போது மனசு வலிக்கும். பேசஞ்சரில், அதாவது பயணிகள் விமானத்தில், விமானியாகப் பல வருடம் இருந்து, கேப்டன் இருக்கை கைக்கு எட்டும் நேரத்தில், நானாக விரும்பிக் கார்கோவுக்கு, அதாவது சரக்கு விமானத்துக்கு, மாறியவன் நான். அங்கே எப்படி, இங்கே எப்படி என்று எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு உதவும்.

லைசென்ஸ் ஒன்றுதான். கேப்டன் ஆகத் தேவையான ஏடிபிஎல் லைசென்ஸுக்கு 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பது இருவருக்கும் பொது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிமுலேட்டரில் உட்கார வைத்து, டேக்-ஆஃபின் நடுவில் ஒரு இன்ஜினை நிறுத்திக் காட்டி, என்ன செய்கிறோம் என்று பார்ப்பதும் பொது. பின்னால் இருப்பது ஆட்களா பெட்டிகளா என்பதை வைத்து போயிங் 767-க்கு டைப் ரேட்டிங், அதாவது அந்த விமானத்தை ஓட்டும் தகுதி, மாறாது. மாறுவது ரோஸ்டர், அதாவது பணி அட்டவணை. ரோஸ்டர் மாறினால் தூக்கம் மாறும், தூக்கத்தோடு வீடும் மாறும்.

குறுகிய தூரப் பேசஞ்சரில் ஒரு நாளைக்கு நான்கு செக்டார், அதாவது நான்கு முறை ஏறி இறங்குவது, சாதாரணம். இறங்கிய அரை மணி, முக்கால் மணிக்குள் அடுத்த கூட்டம் ஏறிவிடும். அதற்குள் எரிபொருள், வானிலை, எடைக் கணக்கு எழுதிய லோட் ஷீட், நேற்றுப் பழுதென்று குறித்து வைத்த ஏதோ ஒரு வால்வு, சக்கர நாற்காலி இன்னும் வரவில்லை என்று கேபினிலிருந்து அழைப்பு. மூளை ஓயவே ஓயாது. ஆனால் பெரும்பாலான இரவுகளில் சொந்தப் படுக்கை. கார்கோவுக்கு வந்ததும் செக்டார் குறைந்தது, தூரம் கூடியது, வாரக்கணக்கில் வெளியே இருந்தேன். திரும்பினால் அதே மாதிரி நீண்ட விடுப்பு. வீட்டில் இருக்கும்போது போன் அடிக்காது, கூப்பிட்டால் கிளம்பத் தயாராக இருக்கும் ஸ்டாண்ட்பை கிடையாது. அது எனக்குப் பிடித்தது. எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் இரவு. இந்தத் தொழிலின் அமைப்பே இரவுதான். 1973 ஏப்ரல் 17-ஆம் தேதி ஃபெடரல் எக்ஸ்பிரஸ் (இன்றைய ஃபெடெக்ஸ்) அமெரிக்காவின் மெம்ஃபிஸிலிருந்து தொடங்கியபோது அவர்களிடம் இருந்தவை 14 சின்ன ஃபால்கன் ஜெட்கள், அன்று போனவை 186 பார்சல்கள். அன்று வகுத்த முறைதான் இன்றும் ஓடுகிறது. பகல் முழுக்கச் சேர்ந்த பார்சல்கள் நள்ளிரவில் ஒரே இடத்தில் வந்து குவியும், பிரியும், விடிவதற்குள் கிளம்பும். அமெரிக்காவின் லூயிவில்லில் யுபிஎஸ், ஜெர்மனியின் லைப்சிக்கில் டிஎச்எல் என்று பார்சல் நிறுவனங்களின் எல்லா ஹப்பும் (சரக்கு சேர்ந்து பிரியும் மையம்) அப்படித்தான். விமானி நள்ளிரவில் இறங்கி, சரக்கு பிரியும் இரண்டு மூன்று மணி நேரம் ஓய்வறையில் கண்ணை மூடிக் கிடந்து, உடம்பு தூக்கத்துக்கு ஏங்கும் நேரத்தில் மறுபடி காக்பிட்டில் ஏற வேண்டும். அதிகாலை 2 மணியிலிருந்து 6 மணி வரை உடம்பின் அடிமட்ட நேரம் என்பார்கள். நல்ல காபி, பழக்கம், மன உறுதி எதுவும் அதை மாற்றாது. விடியலில் ரன்வேக்கு வழிகாட்டும் ஐஎல்எஸ் ரேடியோ சமிக்ஞையைப் பிடித்து இறங்கும்போது கண் கருவியைப் பார்த்துவிடும், மூளைக்கு அது போய்ச் சேர ஒரு கணம் கூடுதலாக ஆகும். அதனால் இறங்கத் தொடங்கும் முன்பே நானும் கோ-பைலட்டும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வோம்: "எனக்குக் களைப்பா இருக்கு, நான் செய்றதைக் கவனிச்சுப் பாருங்க." அதைச் சொல்லக் கூச்சப்படுகிறவரோடு இரவில் பறக்க எனக்கு விருப்பமில்லை.

ஒரு விஷயத்தில் எனக்கு ஆறாத கோபம் உண்டு. 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் என்ற நிறுவனத்தின் பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்த பிறகு, அமெரிக்காவில் பணிநேர விதிகளைத் திருத்தி எழுதினார்கள். 2014 ஜனவரியில் அமலுக்கு வந்தன. பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி நேரம் தூங்க வாய்ப்பு, இரவில் தொடங்கினால் பணிநேரம் குறைவு. நல்ல விதிகள். ஆனால் பேசஞ்சருக்கு மட்டும். சரக்கு நிறுவனங்கள் விரும்பினால் பின்பற்றலாம் என்று விட்டுவிட்டார்கள். செலவுக்கேற்ற பலன் இல்லையாம். விதி எழுதி முடித்து, அமலுக்கு இன்னும் வராத இடைவெளியில்தான், 2013 ஆகஸ்ட் 14 விடியலுக்கு முன், அமெரிக்காவின் பர்மிங்ஹாமில் யுபிஎஸ்ஸின் ஏ300 சரக்கு விமானம் ரன்வேயை எட்டும் முன்பே தரையில் மோதியது. இரண்டு விமானிகளும் போனார்கள். விசாரணை அறிக்கையில் களைப்பும் ஒரு காரணமாகப் பதிவாகியிருக்கிறது. பின்னால் பெட்டி இருந்தால் முன்னால் இருப்பவருக்குத் தூக்கம் குறைவாகப் போதும் என்று எந்த உடம்பு சொன்னது? ஐரோப்பிய விதிகள் இப்படிப் பிரிப்பதில்லை. அதனால் கார்கோவில் சேரப் போகிறவர்கள் அந்த நிறுவனம் எந்த நாட்டு விதியின் கீழ் பறக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். சம்பளம் அப்புறம்.

747 சரக்கு விமான கேப்டன்

மேலே எழுதியவர் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். இரண்டாம் தரம் என்ற பேச்சுக்கு என் பங்குக்கு ஒன்று: போயிங் கட்டிய கடைசி 747 ஒரு சரக்கு விமானம். 2023 ஜனவரியில் அட்லஸ் ஏர் என்ற சரக்கு நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். 747-8 சரக்கு விமானம் 130 டன்னுக்கு மேல் தூக்கும். மூக்கைத் திறந்து நீளமான சரக்கை நேராக உள்ளே தள்ளலாம். அதை இறக்கும்போது வரும் நிறைவு வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

பயம் என்றால் தீ. 2010 செப்டம்பர் 3, துபாயிலிருந்து கொலோனுக்குக் கிளம்பிய யுபிஎஸ் 747. சரக்கில் லித்தியம் பேட்டரிகள் நிறைய இருந்தன. மேல்தளத்தில் தீ, காக்பிட் முழுக்கப் புகை. கேப்டனின் ஆக்ஸிஜன் நின்றுபோய் அவர் இருக்கையை விட்டு எழுந்தார், திரும்பி வரவில்லை. கோ-பைலட் தனியாக, எதிரே உள்ள கருவிகளே தெரியாமல், ரேடியோ அலைவரிசையைக்கூட மாற்ற முடியாமல், பக்கத்தில் பறந்த விமானங்கள் செய்தியைக் கைமாற்றித் தர, துபாய்க்குத் திரும்பப் பார்த்தார். முடியவில்லை. அந்த அறிக்கையை வருடத்துக்கு ஒரு முறையாவது எடுத்துப் படிப்பேன்.

புதியவர்களுக்குத் தெரிய வேண்டியது இது: பெரும்பாலான சரக்கு விமானங்களில் மேல்தளத் தீயை அணைக்கும் மருந்து கிடையாது. காற்றோட்டத்தை அடைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு, கேபின் அழுத்தத்தை வெளியே விட்டு, 25,000 அடி உயரத்தில் பிராணவாயு இல்லாமல் தீயைத் திணறடிப்பதுதான் முறை. பேட்டரித் தீ அதற்கு எளிதில் அடங்குவதில்லை. 2016 ஏப்ரல் முதல் லித்தியம் அயான் பேட்டரியைத் தனிச் சரக்காகப் பயணிகள் விமானத்தில் ஏற்றத் தடை. எங்கள் விமானத்தில் 30 சதவீத சார்ஜுக்குள் இருந்தால் ஏற்றலாம். அதனால் ஆபத்தான சரக்குப் பட்டியல் கையில் வரும்போது வரி வரியாகப் படிக்கிறேன்: எந்தப் பேலட் (சரக்கு அடுக்கும் தட்டு), எந்த இடம், பக்கத்தில் என்ன. கிளம்ப நேரமாகிறது என்று யார் அவசரப்படுத்தினாலும் படித்து முடித்துத்தான் கையெழுத்து.

நல்லதும் சொல்ல வேண்டும். குதிரைகள் ஏற்றிய இரவுகள் எனக்கு மிகவும் பிடித்தவை. நின்றபடியேதான் வரும், கூடவே பராமரிப்பாளர்கள் இருப்பார்கள். அன்று ஏற்றம், இறக்கம், திருப்பம் எல்லாமே நிதானமாக. இறங்கினால் பிரேக்கை மெல்ல அழுத்தி, ரன்வேயின் நீளத்தை முழுசாகப் பயன்படுத்துவோம். கதவு திறந்ததும் பராமரிப்பாளர் மேலே வந்து "எல்லாம் அமைதியா வந்துச்சு கேப்டன்" என்றால் அந்த மாதம் முழுக்க அது போதும்.

கார்கோவிலிருந்து பேசஞ்சருக்கு வந்த கேப்டன்

நான் எதிர்த்திசையில் வந்தவள். கார்கோ நாட்களை மதிக்கிறேன். ஆனால் குழந்தை பிறந்த பிறகு பகலில் தூங்கி இரவில் விழிக்கும் உடம்போடு வீட்டில் இருந்ததை இருந்தது என்று சொல்ல முடியாது. நீண்ட விடுப்பு இருக்கிறது, சரி, அதில் முதல் சில நாள் உடம்பு நேரத்துக்குத் திரும்பவே போய்விடுகிறதே சார்? அதைக் கணக்கில் சேர்த்தீர்களா?

பேசஞ்சரின் பாரம் வேறு மாதிரி. கடலுக்கு நடுவில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்று கேபினிலிருந்து அழைப்பு வருகிறது. பயணிகளில் மருத்துவர் இருக்கிறாரா என்று கேட்கிறோம், தரையிலுள்ள மருத்துவக் குழுவோடு சேட்டிலைட் போனில் பேசுகிறோம். திரும்புவதா, முன்னால் போவதா? பக்கத்து விமான நிலையத்தில் ரன்வே நீளம் போதுமா, எடை அதிகம் என்றால் எரிபொருளைக் கொட்டுவதா, அதிக எடையோடே இறங்குவதா, அந்த ஊரில் இதய சிகிச்சை இருக்கிறதா, இறங்கிய பின் எங்கள் பணிநேரம் மிச்சம் இருக்குமா, மற்ற எல்லாரையும் எங்கே தங்க வைப்பது? என் விமானத்தில் அப்படி ஒருவரை இறக்கினோம். அவர் பிழைத்தார். அவர் மனைவி காக்பிட் வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டதை மறக்க முடியாது. பெட்டிகள் கும்பிடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. எனக்கு எது உயிர் கொடுக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

வேலை நிலைக்குமா என்ற கேள்விக்கும் ஒரு பதில். 2020-ல் பயணிகள் விமானங்கள் வரிசையாக நிறுத்தப்பட்டபோது என் தோழர்கள் பலர் வேலை இழந்தார்கள். உலக விமானச் சரக்கில் ஏறத்தாழ பாதி பயணிகள் விமானங்களின் வயிற்றில்தான் போகும். அந்த இடம் ஒரேயடியாக மறைந்ததால் கார்கோ நண்பர்களுக்கு ஓய்வே இல்லை. ஆனால் அவர்கள் போன இடமெல்லாம் ஓட்டல் அறைக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். பிறகு சக்கரம் திரும்பியது. பயணிகள் வந்தார்கள், சரக்கு குறைந்தது, 2023-ல் அமெரிக்காவின் பெரிய பயணிகள் நிறுவனங்கள் விமானிகளுக்குப் பெரிய சம்பள உயர்வு கொடுத்தன. கார்கோதான் பாதுகாப்பு என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது, பேசஞ்சர்தான் என்றும் முடியாது.

ஒற்றை விமானி, சின்ன கார்கோ

எல்லாரும் பெரிய ஜெட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் செஸ்னா காரவனில் பார்சல் கொண்டுபோகிறவன். ஒரு இன்ஜின், ஒரு விமானி. பெட்டிகளை நானே அடுக்கி, வலையை நானே இழுத்துக் கட்டி, வானிலையை நானே பார்த்துக் கிளம்புவேன். ஜெட் மேகத்துக்கு மேலே ஏறிவிடும், எங்கள் விமானம் மேகத்துக்குள்ளேயே இருக்கும். இறக்கையில் பனி படியத் தொடங்கினால் வேகம் குறைவது கையில் தெரியும். திரும்பு என்று சொல்லப் பக்கத்தில் யாரும் இல்லை. இங்கே கற்ற வானிலை அறிவு எந்த சிமுலேட்டரிலும் கிடைக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

லோட் மாஸ்டர்

நான் விமானி இல்லை, விமானத்தில் சரக்கை ஏற்றிக் கட்டுகிறவன், ஆனாலும் சொல்ல வேண்டும். பயணிகள் தாங்களே பெல்ட் போட்டுக்கொள்வார்கள், சரக்குக்கு நாங்கள்தான் போட வேண்டும். 2013 ஏப்ரல் 29, ஆப்கானிஸ்தானின் பக்ராமில் ஐந்து கவச வாகனங்களோடு கிளம்பிய நேஷனல் ஏர்லைன்ஸ் 747-ல் கடைசி வாகனம் கட்டறுந்து பின்னால் ஓடி, ஹைட்ராலிக் குழாய்களையும் வால் இறக்கையை அசைக்கும் பொறியையும் உடைத்தது. மூக்கு மேலே போனது, விமானிகளால் கீழே கொண்டுவர முடியவில்லை. ஏழு பேர் இறந்தார்கள். கார்கோவுக்கு வரும் விமானிகளே, கீழே இறங்கி வந்து பட்டைகளைப் பாருங்கள், எந்தக் கோணத்தில் கட்டியிருக்கிறோம் என்று கேளுங்கள். கேள்வி கேட்கும் கேப்டனோடு வேலை செய்யத்தான் எங்களுக்குப் பிடிக்கும்.

பயிற்சி விமானி

அண்ணா, முதலில் எழுதியவரிடம் ஒரு கேள்வி. முதல் வேலை கார்கோவில் வந்தால் எடுத்துக்கொள்ளலாமா? பிறகு பேசஞ்சருக்கு மாற நினைத்தால் அந்த மணிநேரம் செல்லுபடியாகுமா? பழைய விமானம் ஓட்டியவன் என்று ஒதுக்கிவிடுவார்களா?

பேசஞ்சரில் தொடங்கி கார்கோவுக்கு வந்தவர்

தம்பி, மணிநேரம் மணிநேரம்தான். இரண்டு பேர் ஓட்டும் ஜெட்டில் பறந்த நேரம் எங்கும் ஏற்கப்படும். பயணிகள் சேவையில் வயதான 757, 767, 737 பல கார்கோவாக மாற்றப்பட்டுப் பறக்கின்றன, உண்மை. பழைய காக்பிட்டில் கையால் பறக்கும் வாய்ப்பு அதிகம். அதைக் குறையாகப் பார்க்கும் தேர்வாளரை நான் சந்தித்ததில்லை.

ஆனால் சீனியாரிட்டி உங்களோடு வராது. எங்கே மாறினாலும் பட்டியலின் கடைசியிலிருந்துதான். ரோஸ்டரில் விருப்பம், விடுமுறை, கேப்டன் உயர்வு எல்லாமே அந்தப் பட்டியல்படி நடப்பதால், முப்பதுகளின் முடிவில் மாறுவது ரொம்பக் கனமான முடிவு. டைப் ரேட்டிங்குக்காக, இத்தனை வருடம் விலக மாட்டேன் என்று பாண்ட் எழுதி வாங்கினால் எத்தனை வருடம், நடுவில் விலகினால் எவ்வளவு என்பதைப் பொறுமையாகப் படியுங்கள். இன்னொன்று: நீண்ட தூர கார்கோவில் மூன்று நான்கு பேர் மாறி மாறி ஓட்டுவதால் உங்கள் கைக்கு லேண்டிங் அரிதாக வரும். 90 நாளில் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங் என்ற விதியை நிறைவேற்ற சிலர் சிமுலேட்டருக்குப் போக வேண்டியிருக்கிறது. முதல் வேலையிலேயே அப்படி என்றால் கை வளராது. குறுகிய தூர கார்கோ கிடைத்தால் தயங்காமல் எடுங்கள்.

மேடம் கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். விடுப்பின் முதல் நாட்கள் உடம்பு திரும்பவே போகின்றன, நீங்கள் சொன்னது சரி. குழந்தைகள் சின்னவர்களாக இருந்திருந்தால் நானும் மாறியிருக்க மாட்டேன்.

தம்பி, அவர்கள் தரும் ஒரு மாத மாதிரி ரோஸ்டரைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அதுவே ஒரு தகவல். தந்தால் கையெழுத்துப் போடும் முன் எனக்குக் காட்டுங்கள். இரவு இறக்கங்கள் தொடர்ந்து எத்தனை வருகின்றன, நடுவில் பகலுக்கு எங்கே மாற்றுகிறார்கள் என்று சேர்ந்தே பார்ப்போம்.